சீமைக் கல் அம்மி

சொந்த அம்மி இல்லாத வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட மாட்டேன் என்று சொன்னபோது எங்கள் லயமே சிரித்தது. சிரிக்கட்டும். நகை கேட்டேனா, பட்டுச் சேலை கேட்டேனா? கேட்டது ஒரு கல். அந்தக் கல்லுக்குப் பின்னால் எவ்வளவு எரிச்சல் இருந்தது என்று எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தெரியும். ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாது. அரைத்து வைத்ததைத் தின்றுவிட்டுப் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்குப் போகிற ரோட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை, அத்தனைக்கும் சேர்த்து ஒரே அம்மி. அது லயத்துக்குப் பின்னால், தண்ணீர் விழுகிற பீலிக்குப் பக்கத்தில், திறந்த வானத்துக்குக் கீழே கிடந்தது. மூன்றாம் காம்பராக் காளியாயி அக்காவின் மாமனார் துறையூரிலிருந்து கொண்டுவந்த கல் அது. ஊரைவிட்டு வருகிறவர்கள் துணிமூட்டையும் செம்பும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த மனுஷன் அம்மியை எடுத்துக்கொண்டு வந்தார். கப்பலேறும் முன் மண்டபம் காம்பில் மூட்டையைப் பிரித்துப் பார்த்தவன், இலங்கையில் கல்லே இல்லையென்று யாரப்பா சொன்னது என்று கேட்டானாம். இவர் அதற்கெல்லாம் அசையவில்லை. கப்பலேற்றி, ரயிலேற்றி, கடைசியில் தலையிலேற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு கல் காளியாயி அக்காவுக்கு வந்தது. அரைக்கக் கூடாது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவள் அரைத்த பிறகுதான் அடுத்தவர். அதற்குப் பிறகு காம்பரா வரிசைப்படி. எங்கள் காம்பரா கடைசி. அவளோ பாட்டுப் பாடிக்கொண்டே அரைப்பாள். ஒரு பாட்டு முடியாமல் சம்பலை வழிக்க மாட்டாள்.

விடியற்காலையில் தப்பு அடித்ததும் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டிவிட்டுத் தேங்காயும் மிளகாயும் தூக்கிக்கொண்டு போனால் வரிசை நிற்கும். மழையென்றால் தலையில் சாக்கு. மிளகாயில் மழைத் தண்ணீர் ஓடும். என் முறை வருவதற்குள் பெரட்டுக்கு நேரமாகிவிடும். பெரட்டுக்களத்தில் கண்டாக்கையா வேலை பிரித்துக் கொடுத்து முடித்தபின் போய் நின்றால் அன்றைக்குப் பேர் கிடையாது, வேலையும் கிடையாது. ஒருநாள் அப்படித்தான் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். கூடையோடு திரும்பி வந்தவள் நேரே காளியாயி அக்கா காம்பரா வாசலில் போய் நின்றேன். அவளும் அன்று அரைத்து முடித்ததும் காய்ச்சலென்று வீட்டில் இருந்துவிட்டாள்.

உன் மிளகாய் என்ன தங்கத்தில் காய்த்ததா, அதை அரைக்க ஒரு பாட்டு வேண்டுமா என்று நான் ஆரம்பித்தேன். அவள் காய்ச்சலைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பேசினோம். கடைசியில் அவள் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

"அம்புட்டு அவசரம்னா ஒம் புருஷனை ஒரு கல்லு வாங்கித் தரச் சொல்லேன்டி."

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. வயது ஏறிக்கொண்டே போகிறதென்று லயத்தில் ஏற்கெனவே பேச்சு.

"சொல்றேன். அப்படி ஒருத்தன் வந்த பொறகு ஒன் கல்லை நான் தொட்டேன்னா என்னைக் கேளு."

லயம் முழுக்கக் கேட்டது. சொன்னது சொன்னதுதான்.

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். கதைக்காக ஒரு தடவை சொல்கிறேன்: வீரய்யா. தோட்டத்து ரோட்டு வேலையில் கல் உடைக்கிறவர். நான் கொழுந்துக் கூடையோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சில்லு தெறிக்காமலிருக்கச் சம்மட்டியை நிறுத்திவிடுவார். நான் தாண்டிப்போன பிறகுதான் அடுத்த அடி விழும். மற்றவர்கள் போகும்போது நிறுத்துகிறாரா என்று கொஞ்ச நாள் கவனித்தேன். நிறுத்தவில்லை. அதிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அவருடைய அம்மா அன்னம்மா அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை. வாய் நீளம் என்று ஒரு குறை. கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அண்ணன் மகள் இருந்தது இன்னொரு காரணம். மகன் சாப்பிடாமல் கிடந்ததால் வேறு வழியில்லாமல் தோட்டத்தின் மேல்பகுதியான மேல்கணக்கிலிருந்து இறங்கிவந்து பெண் கேட்டாள். அப்போதுதான் நான் அம்மி விஷயத்தைச் சொன்னேன். என் அப்பா சின்னத்தம்பி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்னம்மா அத்தையின் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது.

"அம்மிதானே கேக்குது பொண்ணு? சரிங்க. வைகாசி முகூர்த்தத்துக்குள்ள கல்லு வந்தா கல்யாணம். வராட்டி எங்கண்ணன் மக இருக்கா."

கல் வராது என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.  வாய்த்துடுக்கில் கேட்ட ஒரு கல்லில் என் கல்யாணமே போய் மாட்டிக்கொண்டது. கேட்டதை வாபஸ் வாங்கலாமா என்றுகூட நினைத்தேன். காளியாயி அக்கா வாசலில் நின்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கவில்லை.

பாவம், அந்த மனுஷன் படாத பாடு பட்டார். ஹட்டன் கடைவீதியில் அம்மி விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். சரி, நம் கையில் சம்மட்டி இருக்கிறது, மலையில் கல் இருக்கிறது என்று தானே செய்யப் பார்த்தார். எங்கள் மலைக் கருங்கல் லேசுப்பட்டதல்ல. உளி வைத்தால் நெருப்புப் பறக்கும், உளிதான் மழுங்கும். ஒரு கல் பாதி வேலையில் குறுக்கே பிளந்து போயிற்று. அடுத்த கல்லும் அப்படியே. ரோட்டுக்குச் சல்லி உடைக்கிற கை அது, அம்மி செய்கிற கை அல்ல. சித்திரையும் பிறந்துவிட்டது.

சீமையில் புது ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம் அது. அந்தக் கொண்டாட்டத்துக்காகத் துரைமார் கிளப்பில் கோலால் பந்து தட்டி விளையாடுகிற புது மேசை ஒன்று வரவழைத்தார்கள். மேசையென்றால் பலகையும் காலும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து லொறியில் வந்ததோ பெரிய பெரிய மரப்பெட்டிகள். மழையில் நனைந்த வளைவில் லொறி ஏற மாட்டேனென்று நின்றுவிட, ரோட்டு ஆட்களைத் தோள்கொடுக்கக் கூப்பிட்டார்கள். இறக்கும்போது கயிறு அறுந்து ஒரு பெட்டி மதகுக் கட்டில் விழுந்தது. பெட்டி பிளந்தது. உள்ளே இருந்தது கல்! கறுப்பாக, கண்ணாடிபோல் வழவழவென்று, பாய் அகலத்துக்கு ஒரே பலகையாகச் செய்த கல், இப்போது துண்டு துண்டாக.

மேசையின் பச்சைத் துணிக்கு அடியில் கல்தான் இருக்கும், அப்போதுதான் பந்து கோணாமல் ஓடும் என்று கிளப்புச் சமையல்கார அப்பு சொன்னாராம். பந்து உருட்ட இவ்வளவு கல்லா என்று எங்கள் ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். எங்கள் மாப்பிள்ளை மட்டும் வாயைப் பிளக்கவில்லை. துரைக்கு வேண்டாத துண்டுகள் எங்கே போகும் என்று கேட்டார். பள்ளத்துக்குள் தள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒன்றை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ என்றார் அப்பு, அவருக்கு வேலை மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், தலையில் சும்மாடு வைத்து, அந்தக் கல்லைச் சுமந்துகொண்டு எங்கள் லயத்துக்கு நடுவே அவர் நடந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே! எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் அப்பா எழுந்து நின்றுவிட்டார். சாமி ஊர்வலத்துக்குப் போல ஆட்கள் இஸ்தோப்புத் திண்ணைகளை விட்டு இறங்கி வந்தார்கள்.

எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து உளியை எடுத்தார். கருங்கல்லில் மாசக்கணக்காய் மல்லுக்கட்டியவருக்கு இந்தக் கல் கையில் கொஞ்சியது. ஒரு தட்டுக்குச் செதில் செதிலாக உதிர்ந்தது. ஓரங்களைச் சதுரமாக்கினார். மேலே புள்ளி புள்ளியாகக் கொத்தினார்.

"வெண்ணெய் மாதிரி வருது பூரணி. சீமைக் கல்லுன்னா சீமைக் கல்லுதான்."

அவருக்குத் தெரிந்த கல்லெல்லாம் கருங்கல். கல்லென்றால் எந்தப் பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். லேசாக வருகிறதே என்று சந்தேகப்பட வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பெண்கள் வந்து தடவிப் பார்த்தார்கள். கனம் கொஞ்சம் பற்றாது என்றார்கள், ஆனால் இந்த வழவழப்புக்கு மிளகாய் மையாக வரும் என்றார்கள். காளியாயி அக்காவும் வந்தாள். குனிந்து விரல் மடக்கித் தட்டினாள். கணீரென்றது. இன்னொரு தடவை தட்டினாள்.

"கல்லு பாடுதுடி. அம்மி பாடக் கூடாது," என்றாள்.

அரைக்கிறவள் பாடலாம், அம்மி பாடக் கூடாதா என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் எழுந்து போய்விட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். புது அம்மியில் மணப்பெண் கால் படும் முன்னே எதையும் அரைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் ஒரு மிளகாயைக்கூட வைத்துப் பார்க்காமல் கல்லைத் துணி சுற்றி மூலையில் வைத்தேன். ஒரே ஒரு மிளகாய் வைத்து அரைத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

அன்னம்மா அத்தை கல்லைப் பார்க்க வந்தாள். பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வைகாசியில் நாள் குறிக்கச் சொன்னாள்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே மலைக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கும் முன் முடித்துவிட வேண்டுமென்று கோயில் பண்டாரம் பொன்னையா அவசரப்படுத்தினார். லயத்து வாசலில் பந்தல். மேல்கணக்கு ஆட்கள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் லெட்சுமணன் முன்வரிசையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்களில் அம்மி மிதித்து மெட்டி போட்ட பிறகுதான் தாலி. மற்ற தோட்டங்களில் முன்பின் இருக்கலாம், எங்களுக்கு அப்படித்தான்.

மணவறைக்குப் பக்கத்தில் என் அம்மி. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குங்குமம் வைத்து, பூச்சுற்றி வைத்திருந்தார்கள். ஊற்றிய தண்ணீரில் பாதி எங்கேயோ காணாமல் போனதைப் பார்த்தேன். கல் குடிக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது, அதற்குள் பண்டாரம் கூப்பிட்டுவிட்டார். மாப்பிள்ளை உட்கார்ந்து என் வலது காலைக் கையில் பிடித்தார்.   என் கல், என் கால். நன்றாக ஊன்றி மிதித்தேன்.

சடக்கென்று ஒரு சத்தம். கல்லின் மேல்பாதி தட்டு மூடிபோல வழுக்கிக்கொண்டு என் காலோடு போயிற்று. அவர் காலை இறுகப் பிடித்திருக்காவிட்டால் நான் பண்டாரத்தின் மடியில் போய் விழுந்திருப்பேன். தப்புச் சத்தம் நின்றது. 

கீழே இன்னொரு பாதி முழுசாகத்தானே இருக்கிறது என்று எனக்கு ரோஷம். யாரையும் கேட்காமல் மறுபடி காலைத் தூக்கி அதில் வைத்து மிதித்தேன். அதுவும் சடக்கென்றது. இன்னொரு ஏடு கழன்று வந்தது. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்னம்மா அத்தை எழுந்து நின்றாள்.

"மிதிச்ச கல்லு மாதிரி ஒறுதியா நில்லுன்னுதான் அம்மி மிதிக்கச் சொல்றது. இந்தக் கல்லு நின்ன நெலையைப் பாத்தீங்களா? இது சகுனம். இந்தக் கல்யாணம் வேணாம்."

அவள் சொன்னதில் தப்பென்று எப்படிச் சொல்ல? மேல்கணக்கு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் அப்பா இரண்டு கையாலும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.  

லெட்சுமணன் வாத்தியார் எழுந்து வந்து கழன்ற ஏட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு சில்லை எடுத்து அதன்மேல் கோடு கிழித்தார். வெள்ளையாக விழுந்தது.

"அட, இது சிலேட்டுங்க. பிள்ளைங்க எழுதுற சிலேட்டு இந்தக் கல்லுதான். இது ஏடு ஏடாத்தான் கழலும். கல்லோட குணம், பொண்ணைச் சொல்லி என்ன செய்ய?"

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதலில் இது கடலடிச் சேறாக இருந்ததாம். மேலே மலை உட்கார்ந்து யுகக்கணக்காய் அழுத்தி, உள்ளே வெந்து, சேறு கல்லானதாம். அழுத்தின அழுத்தத்தில்தான் இப்படி ஏடு பிடித்ததாம். மலை அழுத்தினால் சேறு கல்லாகுமென்றால், இந்த மாமியார் அழுத்தினால் நான் என்ன ஆவேனோ என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. சீமையில் இந்தக் கல்லால் வீட்டுக்குக் கூரைகூடப் போடுவார்கள், புஸ்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன் என்றும் வாத்தியார் சொல்லிக்கொண்டே போனார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பிள்ளைகள் மட்டும் ஓடிவந்து ஆளுக்கொரு சில்லைப் பொறுக்கிக்கொண்டார்கள்.

அன்னம்மா அத்தை ஒரே வார்த்தையில் அவரை உட்காரவைத்தாள். எந்தக் கல்லாகவும் இருக்கட்டும், இப்போது மிதிக்கக் கல் எங்கே என்று கேட்டாள்.

கல் எங்கே என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். லயத்துக்குப் பின்னால், பீலிக்குப் பக்கத்தில். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்ன சொல் அத்தனை பேருக்கும் தெரியும். காளியாயி அக்கா பந்தல் ஓரத்தில் நின்றுகொண்டு, மழை எப்போது வருமென்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவனைதான்.

நான் குனிந்து பார்த்தேன். அவர் இன்னும் என் காலை விடவில்லை. அவர் அம்மா எழுந்து நிற்கிறாள், சொந்தக்காரர்கள் கிளம்பத் தயாராகிறார்கள், இவர் உடைந்த கல்லுக்கு முன்னால் மெட்டியை ஒரு கையிலும் என் காலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முகம் அழுகிற மாதிரி இருந்தது. என் மேல் சில்லு தெறிக்கக் கூடாதென்று சம்மட்டியை நிறுத்தினவர் இந்த மனுஷன். இவரைவிட என் ரோஷம் பெரிதா?

"அக்கா, ஒங்க கல்லைக் குடுங்க," என்றேன்.

காளியாயி அக்கா மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தக் கல்லு?"

"ஒங்க அம்மிக் கல்லு."

"தொட மாட்டேன்னியே?"

"கையாலதான் தொட மாட்டேன்னேன். காலால மிதிக்க மாட்டேன்னு சொல்லலையே."

முதலில் சிரித்தது அவள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பந்தலே சிரித்தது, மேல்கணக்கு ஆட்களும் சேர்ந்து. சிரித்து முடித்துவிட்டு அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்குங்கடா என்று ஆம்பிளைகளை அதட்டினாள். நான்கைந்து பேர் ஓடினார்கள். கல் வருஷக்கணக்காய் மண்ணில் பதிந்து கிடந்ததால் கடப்பாரை வைத்து நெம்பித்தான் எடுத்தார்கள். தப்பு மறுபடி முழங்க, சுமப்பவர்களுக்கு முன்னால் அவள் கைவீசி நடந்து வந்தாள். எனக்கு அந்த நடையைப் பார்த்து அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்னம்மா அத்தை விடுகிற ஆளில்லை. எல்லாரும் மிளகாய் அரைத்துத் தேய்ந்த பழைய கல்லில் என் மகன் மெட்டி போடுவதா என்று முணுமுணுத்தாள். காளியாயி அக்கா கல்லுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏன் அன்னம்மாக்கா, இதே லயத்து வாசல்ல நீ மிதிச்ச கல்லுதானே இது? ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

 அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன், வாயில்லாத மனுஷன், அன்றைக்குத்தான் பேசினார். உட்காரு அன்னம்மா, நமக்கு ஒன்றும் குறையவில்லை என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் காலைத் தூக்கி வைத்தேன். கல் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. என் குதிகால் அதில் அழகாகப் பொருந்தியது. அசையவில்லை.

"மெதுவா மிதி, எங் கல்லு," என்று காளியாயி அக்கா காதோடு சொன்னாள்.

மெட்டி போட்டார். தாலி கட்டினார். கட்டி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஆட்கள் காம்பராக்களுக்குள்ளே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் என் சீமை அம்மியின் ஏடுகளில் பூனையும் கோழியும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்னம்மா அத்தைக்கு நானே பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனிப்புப் பற்றாது என்றாள். ஆனால் இன்னொரு தடவை வாங்கிக் குடித்தாள்.

எங்கள் லயத்திலேயே காலியாயிருந்த ஒரு காம்பராவை எங்களுக்குக் கொடுத்தார்கள். அதுவும் கடைசிப் பக்கம்தான்! மறுவாரம் வேலைக்கிறங்கிய அன்று விடியற்காலையில் தேங்காயைத் துருவி எடுத்துக்கொண்டு போனேன். வாக்கைக் காலாலேயே மிதித்துத் தாண்டியாயிற்று, இனிக் கையென்ன காலென்ன. கல்யாணத்துக்கே கல் கொடுத்தவள், புதுப்பெண்ணை முதலில் அரைக்க விடமாட்டாளா என்று ஒரு நப்பாசை.

"கல்யாணத்துக்குத்தான்டி குடுத்தேன். வரிசையில நில்லு," என்றாள். பாட்டை ஆரம்பித்துவிட்டாள்.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழையில் வரிசையின் கடைசியில் நின்றேன். வந்த கோபத்தை வீட்டுக்குப் போய் அவர் மேல் காட்டினேன்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த மதகுப் பள்ளத்துக்குப் போய் மிச்சத் துண்டுகளையெல்லாம் சுமந்துகொண்டு வந்தார். ஓரத்தில் உளியை வைத்துத் தட்டித் தட்டி ஏடு ஏடாகப் பிரித்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார், அவ்வளவுதான். அம்மியைச் சுற்றி நாலு கம்பு நட்டு, குறுக்கே சட்டம் கட்டி, ஏடுகளில் ஓட்டை போட்டு ஆணியடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல மேலே வேய்ந்தார். வாத்தியார் சொன்னதைக் கல்யாணப் பந்தலில் காதில் வாங்கிய ஒரே ஆள் அவர்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் காலையும் விடாமல், காதையும் விடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த ஆசையை என்னவென்று சொல்ல.

மறுநாளும் மழை. அம்மிக்கு மேல் ஒரு சொட்டு விழவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் சாக்கை எடுத்துவிட்டுக் கறுத்த கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். காளியாயி அக்கா மட்டும் எதுவும் நடக்காத மாதிரி, நனையாத மிளகாயை அரைத்துக்கொண்டு, முன்னைவிட நீளமான ஒரு பாட்டை எடுத்தாள். நான் வரிசையை விட்டு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, கல்லு ஒங்களது. கூரை என்னுது. வெரசா அரைங்க, இல்லாட்டி கழட்டிருவேன்."

அவள் பாட்டை நிறுத்தி மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சம்பலை ஒரே இழுப்பில் வழித்தெடுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். பின்னால் நின்றவர்களும் சிரித்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

அன்று நான் நேரத்தோடு பெரட்டுக்குப் போனேன்.